காத்தாடி நின்ற கணக்கு: வியூ மாற்ற எந்த வழி வசதி?

காலை ஏழே முக்காலுக்குப் பழவூர்ப் பக்கமிருந்து போன். "அக்கா, பதினேழாம் நம்பர் மெஷின் லிஸ்ட்ல இல்லக்கா. ராத்திரியே நின்னுட்டு, நான்தான் ஏத்துனேன்." வள்ளியூர் ஆபீசில் என் திரையில் பதினேழு பளிச்சென்று தெரிகிறது: பிட்ச் (இறக்கையின் கோணத்தைத் திருப்புகிற அமைப்பு) கோளாறு, இரவு 11.40, நிலை 'நிற்கிறது'. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே லிஸ்ட்தான். ஆனால் தம்பியின் போனில் திறந்திருந்தது 'பணகுடி மட்டும்' என்ற வியூ, அதாவது அந்த லிஸ்டையே வடிகட்டிக் காட்டுகிற ஒரு தோற்றம். முந்தின நாள் பணகுடிக் குழுவுக்கு ஒத்தாசைக்குப் போனவர், அங்கே திறந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

ஐந்து நிமிடம்தானே என்று எங்கள் தொழிலில் சொல்ல முடியாது. 2 மெகாவாட் மெஷின் ஒன்று முழுக் காற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,000 யூனிட். ஐந்து நிமிடத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல். வீட்டுக்கு ஈ.பி.யில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டைவிட அது அதிகம்.

எங்களுடையது காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனி. (இந்தப் பக்கம் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான்.) பணகுடி, ராதாபுரம், பழவூர் வட்டாரத்தில் சிதறிக் கிடக்கிற சுமார் 130 மெஷின். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும் மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்குத் தூக்கம் குறைவு. எந்த மெஷின் நின்றாலும் ஷேர்பாயிண்டில் (ஆபீஸ் கோப்பு, பட்டியலை எல்லோரும் இணையத்தில் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசாப்ட் தருகிற மென்பொருள்) ஒரு லிஸ்டில் ஒரு வரி ஏறும்: மெஷின் எண், சப்ஸ்டேஷன், நின்ற நேரம், காரணம், பொறுப்பு யார், என்ன உதிரிபாகம் வேண்டும், மறுபடி ஓடிய நேரம். ஷிப்ட் இன்சார்ஜுக்கு அதில் இப்போது நிற்பவை மட்டும் போதும். ஸ்டோர் அண்ணாச்சிக்குப் பாகம் இல்லாமல் காத்துக் கிடப்பவை. மெஷின் சொந்தக்காரர்களுக்கு மாதக் கணக்கு அனுப்புகிற எனக்கு எல்லாமே வேண்டும். ஒரே சரக்கை ஆளுக்கு ஒரு மாதிரி வடிகட்டி, வரிசைப்படுத்திக் காட்டுகிற ஏற்பாடுதான் வியூ.

ஏற்பாடு நல்லதுதான். மூன்று வருடத்தில் எங்களிடம் 14 வியூ சேர்ந்துவிட்டது. அதில் நாலு எதற்கென்று உண்டாக்கினவருக்கே ஞாபகம் இல்லை. ஆகவே இந்தச் சித்திரையில், காற்று கிளம்பும் முன், ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது: ஆட்கள் தடுமாறாமல் வியூ விட்டு வியூ மாற எந்த வழியை வைத்துக்கொள்வது? ஒவ்வொன்றையும் சில நாள் ஓட்டிப் பார்த்ததில் கண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸில் காத்தாடிக்குப் பதில் லாரியோ, கோர்ட் வழக்கோ, ஆஸ்பத்திரிச் சாமானோ இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

முதலில், வழியே இல்லாத ஒரு வழியைக் கழித்துவிடுகிறேன். எல்லா ஆபீஸிலும் ஒருவர் இதைச் சொல்வார். எங்கள் ஆபீஸில் மேனேஜர் சொன்னார். "எதுக்கு இந்த வியூ குழப்பம்? பணகுடிக்கு ஒரு லிஸ்ட், ராதாபுரத்துக்கு ஒரு லிஸ்ட், பழவூருக்கு ஒரு லிஸ்ட்னு பிரிச்சுருவோம்." கேட்க நன்றாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பணகுடி லிஸ்டில் காரணம் என்ற பத்தியில் 'கிரிட்' என்று இருக்கும், ராதாபுரத்தில் 'ஈ.பி. சப்ளை இல்லை' என்று இருக்கும், பழவூரில் அந்தப் பத்தியையே யாரோ எடுத்திருப்பார்கள். மூன்றையும் கூட்டிச் சொந்தக்காரருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய நான் எக்செல்லில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். பத்திகள் ஒன்றாக இருக்கிறவரை லிஸ்ட் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பிரிப்பது வியூவின் வேலை.

எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்து அவரவர் வடிகட்டிக்கொள்வது அடுத்த யோசனை. மாதக் கணக்குக்குச் சரி. நிற்கிற மெஷினைத் துரத்துகிற வேலைக்கு, எடுத்த நிமிடத்திலேயே பழசாகிப்போகிற தாள் அது.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

ஷேர்பாயிண்ட் சும்மாவே தருவது, வலது மேல் மூலையில் இப்போதைய வியூவின் பெயர். அதைத் தட்டினால் மற்ற வியூக்கள் கீழே விரியும். இதற்கென்று யாரும் எதையும் அமைக்க வேண்டாம், அதுதான் இதன் ஒரே பலம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், அதுவும் மூன்று நாலு வியூ மட்டும் உள்ளவர் என்றால் இதுவே போதும். எங்களுக்கு உதைத்த இடம் போன். குறுகிய திரையில் பெயர் சுருங்கி வெறும் குறியாகிவிடுகிறது. எந்த வியூவில் நிற்கிறோம் என்பதே தெரியாதபோது, மாற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பழவூர்த் தம்பிக்கு நடந்தது இதுதான். அவருக்கு வியூ மாற்றத் தெரியும். மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்று. 14 பெயர் விரியும்போது கண் முதலாவதில்தான் நிற்கும். அதனால் பெயருக்கு முன் 1, 2, 3 என்று எண் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு யாரோ 'புதிய 1' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதோடு அந்த முறை முடிந்தது.

அடுத்தது டேப். ஷேர்பாயிண்ட் 2001இல் வந்தது; அதன் லிஸ்ட் பகுதிக்கு லிஸ்ட்ஸ் என்று தனிப்பெயரும் தனி முகப்பும் வந்தது 2020இல். லிஸ்ட்ஸின் புதுத் தோற்றத்தில் வியூக்கள் பெட்டிக்குள் ஒளியாமல், லிஸ்டின் தலைமேட்டில் வரிசையாக டேப்களாக நிற்கின்றன. எதில் இருக்கிறோமோ அது தனித்துத் தெரியும். பக்கத்தில் உள்ளதைத் தட்டினால் மாறிவிடும். இரண்டு தட்டு ஒரு தட்டாவது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். ஒரு நாளைக்கு முப்பது தடவை 'இப்போது நிற்பவை', 'பாகம் காத்திருப்பவை' இரண்டுக்கும் போய்வருகிற இன்சார்ஜிடம் கேட்டால் தெரியும். வேறு என்ன வியூ இருக்கிறது என்பதும் தேடாமலே கண்ணில் படுகிறது. 'அடுத்த வார சர்வீஸ்' என்று காலண்டர் வடிவில் ஒரு வியூ ஒன்றரை வருடமாக இருந்தது. டேப் வந்த அன்றைக்குத்தான் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். "இது எப்ப வந்துச்சு?" என்று என்னிடமே கேட்டார்கள்.

டேப்பின் குறை, அது நம் குப்பையை வெளியே காட்டிக்கொடுத்துவிடும். 14 வியூ இருந்தால் 14 டேப். லேப்டாப் திரையில் ஆறேழு தெரியும், மிச்சம் ஒரு மடிப்புக்குள் போய்விடும். அங்கே போனது திரும்ப அந்தப் பழைய பெட்டி கதைதான். ஆகவே டேப்பை நம்புவதென்றால் முதலில் வியூக்களைக் குறைக்க வேண்டும். ஒரு மதியம் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் "இதைப் போன வாரம் யார் திறந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினோம். 14 ஆறானது. பெயர்களும் சுருங்கின. 'ராதாபுரம் சப்ஸ்டேஷன் நிலுவையில் உள்ள பணிகள்' என்று இருந்தது 'ராதாபுரம்' ஆனது. டேப்பில் பெயர் நீளமானால் பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிடும் என்பதால் கிடைத்த நல்ல ஒழுக்கம் இது.

வெட்டுகிற வேலையில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: இது வியூவா, வெறும் ஃபில்டரா? சப்ஸ்டேஷன் வாரியாக, காரணம் வாரியாக, ஆள் வாரியாக என்று வியூ உண்டாக்கிக்கொண்டே போவது வீண். லிஸ்டின் வலது பக்கம் ஃபில்டர் பலகை ஒன்று திறக்கும். அடிக்கடி வேண்டிய பத்திகளை அதில் பின் செய்து வைத்துவிட்டால், 'காரணம்: கியர்பாக்ஸ்', 'சப்ஸ்டேஷன்: பணகுடி' என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். நான் பெரும்பாலும் இதில்தான் வாழ்கிறேன். ஒரே வியூ, பத்து விதமான கேள்வி. யோசித்துக் கேட்கிற ஆளுக்கு இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் ஃபில்டரோடு வியூ மாற்றினால் ஒரு இடறல் உண்டு. 'இப்போது நிற்பவை' வியூவில் பணகுடி என்று டிக் அடித்து வைத்திருக்கிறீர்கள். 'பாகம் காத்திருப்பவை'க்கு மாறுகிறீர்கள். டிக் கூடவே வராது. அங்கே மூன்று வட்டாரமும் கலந்து நிற்கும். கவனிக்காமல் ராதாபுரம் பாகத்தைப் பணகுடி வண்டியில் ஏற்றிவிட்ட நாள் எங்களுக்கு ஒன்று உண்டு. சைட்டில் நிற்கிற ஆள் தினமும் ஒரே டிக்கைத்தான் அடிக்கிறார் என்றால் அதை வியூவாக்கிக் கொடுத்துவிடுவதே சரி. நாளுக்கு ஒரு கேள்வி கேட்கிறவருக்கு ஃபில்டர். இந்த ஒரு கோட்டைப் போட்டதும் பாதி விவாதம் அடங்கியது.

ஃபில்டர் போட்ட பிறகு மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். எந்தப் பத்தி, எந்த மதிப்பு என்று முகவரியின் வாலில் சேர்ந்திருக்கும். அதை அப்படியே நகலெடுத்து அனுப்பினால், எதிராளிக்கும் அதே வடிகட்டலோடு திறக்கும். இதற்காகத் தனி வியூ தேவையே இல்லை. "போன மாசம் யா மோட்டார் எத்தனை தடவை போச்சு?" என்று மேனேஜர் கேட்டால் (காத்தாடியின் தலையைக் காற்றுப் பக்கம் திருப்புகிற மோட்டார் அது), நான் பதில் எழுதுவதில்லை, இந்த லிங்கைத்தான் அனுப்புகிறேன்.

இங்கே தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் பட்டு அறிந்தது. பத்தியை முதலில் உண்டாக்கும்போதே 'நின்றநேரம்' என்று தமிழில் பெயர் வைத்தால், ஷேர்பாயிண்ட் உள்ளுக்குள் அதற்கு ஒரு மறைபெயர் வைத்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஏழு எழுத்துச் சங்கேதமாக மாறும். உள்பெயருக்கு 32 எழுத்துதான் எல்லை என்பதால் நாலைந்து குறியிலேயே பாதியில் வெட்டுப்படும். பிறகு லிங்கிலோ ஃபார்முலாவிலோ அந்தப் பெயரைப் பார்த்தால் நமக்கே புரியாது. முதலில் இங்கிலீஷ் எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள். அப்புறம் தமிழுக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே சின்னப் பெயரே நிற்கும். வியூவுக்கும் இதுவே: முதலில் வைத்த பெயர்தான் முகவரியில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் எத்தனை தடவை மாற்றினாலும் முகவரி மாறாது. இது தெரியாமல் 'டெஸ்ட் 2' என்று ஆரம்பித்த எங்கள் வியூ ஒன்று, இன்று 'ராதாபுரம்' என்ற கௌரவமான பெயரோடு, முகவரியில் 'டெஸ்ட் 2' ஆகவே காலம் தள்ளுகிறது.

முகவரி என்றதும் என் மனசுக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன்: வியூவே மாற்ற வேண்டாத வழி.

ஒவ்வொரு வியூவுக்கும் தனி முகவரி உண்டு. அப்படியானால், ஒரே ஒரு வியூ மட்டும் வேண்டியவரை எதற்கு லிஸ்டின் முன்வாசலுக்கு அழைத்துவந்து, அங்கிருந்து அறை அறையாகத் தேடவிட வேண்டும்? அவருக்கு நேராக அவர் அறைக்கதவின் சாவியைக் கொடுத்துவிடலாமே. எங்கள் சைட் ஆட்கள் 20 பேர். 'பொறுப்பு' என்ற பத்தி 'நான்' என்பதற்குச் சமம் என்று ஃபில்டர் வைத்து ஒரே ஒரு வியூ உண்டாக்கினோம். அதற்கென்று ஷேர்பாயிண்டில் சதுர அடைப்புக்குள் 'மீ' என்று ஒரு சொல் இருக்கிறது. திறக்கிறவர் யாரோ அவருடைய வரிகளை மட்டும் காட்டும். இருபது பேருக்கு இருபது வியூ தேவையில்லை. அந்த லிங்கை ஒவ்வொரு போனிலும் முகப்புத் திரையில் ஐகானாகப் போட்டுக்கொடுத்தோம். தட்டினால் 'என் மெஷின்கள்'. வேறு எங்கும் போக வேண்டாம்.

ஸ்டோர் அண்ணாச்சிக்கும் அப்படித்தான். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, மெஷின் பாகத்தின் நம்பரெல்லாம் மனப்பாடம், ஆனால் திரையைக் கண்டால் ஒரு சங்கடம். "ஏம்மா, நான் பாக்குதப்போ ஒண்ணு இருக்கு, நீ பாக்குதப்போ வேற ஒண்ணு இருக்கு. எதை நம்பி நான் பேரிங்கை எடுத்துக் குடுக்கது?" என்று போன வருடம் முழுக்கக் கேட்டார். இப்போது அவர் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தாலே 'பாகம் காத்திருப்பவை' வந்து நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. "இதுல நட்டு போல்ட்டையும் சேத்துரு" என்ற கேள்விதான் வருகிறது.

மூன்று நாலு கதவு வேண்டியவர்களுக்கு, தளத்தின் முதல் பக்கத்தில் குவிக் லிங்க்ஸ் என்ற வெப் பார்ட்டில் (பக்கத்தில் செருகுகிற ஒரு கட்டம்) பெரிய பொத்தான்களாக வியூ லிங்குகளை வைக்கலாம். இடது பக்க மெனுவிலும் வைக்கலாம். மெனுவைவிடப் பொத்தான் மேல். வெயிலில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு மெனுவைத் திறப்பதே ஒரு வேலை. இந்த வழியில் உள்ள பாடு பராமரிப்புதான். ஒரு வியூவை அழித்துவிட்டால் அதற்கான பொத்தான் தானாகப் போகாது. தட்டினவருக்குப் பிழைச் செய்திதான் வரும். டேப்பில் அந்தத் தொல்லை இல்லை. வியூ போனால் டேப்பும் போய்விடும்.

ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று லிஸ்ட் வெப் பார்ட்டை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வியூவைக் காட்டுவது இன்னொரு வழி. மேலே 'இப்போது நிற்பவை', கீழே 'பாகம் காத்திருப்பவை'. எல்லாம் ஒரே பார்வையில். எங்கள் மீட்டிங் அறை டி.வி.யில் இதைத்தான் ஓடவிடுகிறோம், காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு அருமையாக இருக்கிறது. ஒரு வெப் பார்ட்டில் மெஷினைத் தொட்டால் அடுத்ததில் அதன் வரலாறு மட்டும் வருகிற மாதிரி இரண்டையும் பிணைக்கவும் முடியும். ஆனால் போனில் இந்தப் பக்கம் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். கூடங்குளம் ரோட்டில் சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்தில் மூன்று லிஸ்டும் வந்து சேர்வதற்குள் ஆள் மெஷின்மேல் பாதி ஏறியிருப்பார். உட்கார்ந்து பார்க்கிற பக்கம் இது, நின்று பார்க்க ஆகாது.

மைக்ரோசாப்டின் ஆபீஸ் அரட்டைச் செயலியான டீம்ஸில், சேனலுக்கு ஒரு டேப்பாக லிஸ்டைச் சேர்க்கலாம். ஏற்கெனவே நாள் முழுக்க டீம்ஸில் கிடக்கிற ஆபீஸ் என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை. எங்கள் சைட் ஆட்கள் வாட்ஸப்பை விட்டு வரமாட்டார்கள். ஜேசன் (JSON) என்ற குறியீட்டு வடிவில் எழுதித் தனிப் பொத்தான் செய்யலாம், புரோகிராமர் வைத்து இன்னும் என்னென்னவோ செய்யலாம். செய்து கொடுத்தவர் வேலை மாறிப்போன பிறகு யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் செய்யுங்கள்.

வழி எதுவானாலும், கீழே இரண்டு மூன்று விஷயம் சரியாக இல்லையென்றால் எல்லாம் வீண்.

ஒன்று அனுமதி. குழுத் தளங்களில் மெம்பர் என்று சேர்க்கப்படுகிறவருக்கு வழக்கமாகக் கிடைப்பது எடிட் என்ற நிலை. அதில் லிஸ்டையே நிர்வகிக்கிற அதிகாரமும் அடங்கும். அதாவது எல்லோருக்கும் பொதுவான வியூவை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். போன ஆடியில் ஒரு ராத்திரி, யாரோ தன் வசதிக்கு ஃபில்டர் போட்டு, அதே பெயரில் 'சேமி' என்று தட்டியிருக்கிறார். காலையில் எல்லோருடைய 'இப்போது நிற்பவை'யிலும் ஏழே மெஷின். உண்மையில் நின்றது 19. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாகத் தேநீர் குடித்தோம், பத்தரை மணி வரைக்கும். வரிகளுக்குப் பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கலாம். வியூவின் அமைப்புக்கு அந்த வசதி இல்லை. நினைவிலிருந்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இப்போது சைட் ஆட்களுக்குக் கான்ட்ரிபியூட் நிலைதான். வரி ஏற்றலாம், திருத்தலாம், தனக்கு மட்டும் தெரிகிற சொந்த வியூ உண்டாக்கலாம்; பொது வியூவில் கை வைக்க முடியாது. பொது வியூவைத் தொடுகிறவர்கள் நானும் இன்சார்ஜும் மட்டும்.

இரண்டாவது, வியூ என்பது திரைச்சீலைதான், பூட்டு கிடையாது. கிரேன் வாடகைப் பத்தியை வியூவில் மறைத்துவிட்டோம், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். சொந்த வியூ உண்டாக்கத் தெரிந்த ஒரு தம்பி அந்தப் பத்தியைச் சேர்த்துப் பார்த்துவிட்டார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சும்மா ஒரு ஆர்வம். மறைக்க வேண்டியது எதுவோ அது வேறு லிஸ்டில், வேறு அனுமதியில் இருக்க வேண்டும். லிஸ்டைப் பிரிக்காதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

மூன்றாவது 5,000. ஒரு லிஸ்டில் 3 கோடி வரி வரை வைக்கலாம் என்கிறது மைக்ரோசாப்ட். ஆனால் ஒரு வியூ ஒரே மூச்சில் 5,000 வரிக்கு மேல் துழாவ வேண்டிவந்தால் முரண்டு பிடிக்கும். ஆன்லைன் ஷேர்பாயிண்டில் அந்த எல்லையை நாம் மாற்ற முடியாது. எங்களுக்கு சீசனில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வரி என்று வைத்தால் ஐந்து மாதத்தில் 1,800. சீசன் இல்லாத மாதங்களையும் சேர்த்தால் மூன்றாம் வருடமே எல்லை வந்துவிடும். தீர்வு இன்டெக்ஸ், புத்தகக் கடைசியில் இருக்கிற சொல்லடைவு மாதிரி, தேடாமல் வரியை எடுக்க உதவுகிற குறிப்பு. லிஸ்ட் அமைப்புகளில் போய், வியூக்கள் முதலாவதாக எந்தப் பத்தியில் வடிகட்டுகின்றனவோ அதற்கு இன்டெக்ஸ் போட வேண்டும். ஒரு லிஸ்டுக்கு 20 இன்டெக்ஸ் வரை போடலாம். எங்கள் வியூ எல்லாம் 'நிலை' என்ற பத்தியில் தொடங்குகின்றன: நிற்கிறது, பாகம் காத்திருக்கிறது, ஓடுகிறது. அதில் முதல் இரண்டும் எந்த நாளும் சில டஜன் வரிக்கு மேல் போகாது. அதனால் லிஸ்ட் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வியூக்கள் சட்டென்று திறக்கும். லிஸ்ட் சின்னதாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பெருத்த பிறகு என்றால் அதுவும் சீசன் நடுவிலேயே வந்து நிற்கும்.

வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. அதிகம் நஷ்டம் தருகிற மெஷின் மேலே வர வேண்டும் என்று கணக்கிடும் பத்தி ஒன்று வைத்தேன்: நின்ற மணி நேரம் பெருக்கல் மெஷின் திறன். பழைய 250 கிலோவாட் மெஷின் எட்டு மணி நேரம் நின்றால் போவது 2 மெகாவாட் மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் போய்விடும். நின்று மறுபடி ஓடத் தொடங்கியவற்றுக்குக் கணக்கு சரியாக வந்தது. இன்னும் நிற்பவற்றுக்கு வரவில்லை. கணக்கிடும் பத்தி, அந்த வரியை யாராவது திருத்தும்போதுதான் மறுபடி கூட்டும், கடிகாரத்தோடு ஓடாது. ஆகவே 'இப்போது நிற்பவை'யில் திறன் பெரியது முதலில், அதற்குள் முதலில் நின்றது முதலில் என்று இரண்டு அடுக்கு வரிசை. நஷ்டக் கணக்கு மாதக் கடைசி வியூவில் மட்டும்.

சித்திரைக் கடைசியில் முடிவு செய்தது இதுதான். ஆபீஸில் உள்ளவர்களுக்கு ஆறு டேப். சைட் ஆட்களுக்கும் அண்ணாச்சிக்கும் நேர் லிங்க், டேப்பே அவர்களுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஃபில்டர் பலகை. டி.வி.க்கு வெப் பார்ட் பக்கம். எது சிறந்த வழி என்று கேட்டவர்களுக்கு நான் திருப்பிக் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை வியூ உனக்கு வேணும்?" என்றுதான். ஒன்று என்றால் லிங்க். ஆறு வரை என்றால் டேப். எண்ணத் தெரியவில்லை என்றால் ஃபில்டர்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, ஆனியிலேயே தெரிந்துவிட்டது. பழவூர்த் தம்பி மறுபடி பணகுடிக்கு ஒத்தாசைக்குப் போனார். அவர் போனில் 'என் மெஷின்கள்' ஐகானைத் தட்டினால் பழவூர்தான் வருகிறது, பணகுடி மெஷின்களில் 'பொறுப்பு' பத்தியில் வேறு ஆள் பெயர் இருப்பதால். "அக்கா, இங்க ஆறு மெஷின் நிக்கி, லிஸ்ட்ல ஒண்ணு கூட இல்ல" என்று போன். ஆளை அனுப்புகிற இன்சார்ஜ், அந்த வரிகளில் பெயரையும் மாற்ற வேண்டும். சில நாள் மாற்றுகிறார், சில நாள் மறந்துவிடுகிறார். இப்போதைக்கு அவர் மானிட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'ஆளை மாற்றினால் பெயரையும் மாற்றுங்க அண்ணே.'